பெண்ணின் அம்மா பார்க்கக் கூடாத கல்யாணம்

எனக்குப் படம் எடுக்கத் தெரியும் என்று சொன்னால் அது பாதிப் பொய். பறவைகளை எடுப்பேன், அவ்வளவுதான். புனேயில், வாகட்டில் நான் குடியிருக்கும் பதினோராவது மாடி பால்கனியில் ஒரு மைனா ஜோடி ஏசி பெட்டிக்குப் பின்னால் கூடு கட்டியது. அது தினமும் எங்கே போய் என்ன கொண்டுவருகிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. அதற்காக வாங்கியதுதான் அந்த செகண்ட் ஹேண்ட் கேமரா. வேவு பார்ப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடித்த வேலை. ஹிஞ்சேவாடியில் எங்கள் அலுவலகத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, எதற்காகப் பேசுவதில்லை என்பதெல்லாம் ஹெச்.ஆருக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட என்னிடம் பக்கத்து மேசைத் தோழி வந்து, "என் கல்யாணத்துக்கு நீதான்டீ ஃபோட்டோ எடுக்கணும்" என்றாள்.

அவள் கடக்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம் என்பார்கள். அவளுக்கு அந்த ஊர் இரண்டு மூன்று கோடை விடுமுறைகளோடு சரி. மாப்பிள்ளை பாணேரைச் சேர்ந்த மராத்திக்காரர்.

"காசு குடுத்தா நல்லா எடுக்கறவன் கிடைப்பானே" என்றேன்.

"வேணாம். எங்க பெரியப்பா பொண்ணு கல்யாணத்துல வந்தவன் தாலி கட்டினத ரெண்டாவது வாட்டி கட்டச் சொன்னான்டீ. ஆங்கிள் சரியில்லையாம். மத்லப், அப்படின்னா எது அசல், எது நகல்? நீ பறவைகிட்ட போய், இன்னொரு தடவை பறன்னு சொல்றியா? இல்லதானே? எங்களையும் அப்படியே எடு."

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கடக்கியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எந்தச் சடங்குக்குப் பின் எந்தச் சடங்கு என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தோழியின் அம்மா கூடத்தில் உட்கார்ந்து தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டு வழக்கமும் கலந்த கல்யாணம். மற்றதெல்லாம் அவர்கள் முறைப்படி, தாலி மட்டும் நம் முறைப்படி மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சு என்று பேசி முடித்திருந்தார்கள்.

"தாலி கட்டும்போது நீங்க எந்தப் பக்கம் நிப்பீங்கம்மா? உங்களையும் சேர்த்து எடுக்கணும்" என்றேன்.

அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் அங்க இருக்க மாட்டேன்மா. அவங்க வழக்கத்துல பொண்ணோட அம்மா கல்யாணத்தப் பாக்கக் கூடாதாம். அந்நேரத்துக்கு வெளிய போயி துளசிக்குத் தண்ணி ஊத்தணுமாம். சம்பந்தியம்மா சாய் குடிக்கும்போது சொன்னாங்க. இவரு உடனே, டீக் ஹை, உங்க வழக்கப்படியே ஆகட்டும்னுட்டாரு."

"ஏன் பார்க்கக் கூடாதாம்?"

"கண்ணு பட்டுடுமாம். பெத்தவ கண்ணே படுமா, நீயே சொல்லு."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தோழியின் அப்பா குரல் கொடுத்தார். "அவங்க நம்ம தாலிய ஒத்துக்கினாங்க இல்ல? நாமளும் ஒண்ண ஒத்துக்கணும். வாக்குக் குடுத்தாச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் யார் கோபப்பட? அடுத்த வீட்டுக் கல்யாணம். வாயை மூடிக்கொண்டு நோட்டில் கிறுக்கினேன். கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தார். மஞ்சள் என் கையிலும் ஒட்டிக்கொண்டது.

"நீ எடுத்துக் குடும்மா. மூணு முடிச்சும் தனித்தனியா. ஒரே பொண்ணு. அந்த ஃபோட்டோவ வெச்சாவது நான் பாத்துக்கறேன்."

எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒரே ஒரு படம்தான் முக்கியமாகப் போயிற்று. அறைத்தோழியின் துப்பட்டாவை நாற்காலி முதுகில் சுற்றி முடிச்சுப் போடச் சொல்லி, எங்கே மண்டியிட்டால் விரல்கள் தெரியும், எங்கே தெரியாது என்று மூன்று நாள் பயிற்சி செய்தேன். மூன்று முடிச்சுக்கும் சேர்த்துப் பத்து விநாடிகூட ஆகவில்லை. எனக்குப் பைத்தியம் தெளிகிறதா, முற்றுகிறதா என்று அறைத்தோழிக்குக் கடைசிவரை சந்தேகம்.

கல்யாணம் பாணேரில் ஒரு மங்கள் கார்யாலயத்தில். இங்கே கல்யாண மண்டபத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். மேடையில் யாரோ புண்ணியவான் ஊதா நிற விளக்குகளைப் போட்டு வைத்திருந்தார். முதல் பத்துப் படங்களில் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தார்கள். விளக்கை அணைக்கச் சொல்லிச் சண்டை போட்டு ஜெயித்தேன்.

பிறகுதான் எனக்கு உற்சாகம் பிறந்தது. கேமராவைக் கையில் வைத்திருந்தால் யாரை வேண்டுமானாலும் உற்றுப் பார்க்கலாம், ஏன் பார்க்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. இது இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் போயிற்றே! பறவையைக் குறிபார்த்தால் பறந்துவிடும். மனிதர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். ஆரஞ்சுத் தலைப்பாகைக்காரர் ஒருவருக்கு நான் திரும்பும்போதெல்லாம் இழுத்து இழுத்து மூச்சு வாங்கிவிட்டது.

முதலில் அந்தர்பாட். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்கிறார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து மங்களாஷ்டகம் பாடினார்கள். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் "சாவ்தான்" என்று இழுத்ததும் சபை முழுவதும் அட்சதை தூவியது. கடக்கித் தமிழர்கள் நம் ஊர் வழக்கப்படி முதல் தடவையே கைநிறைய இருந்ததையெல்லாம் தூவிவிட்டு, மிச்சப் பாட்டுகளுக்கு வெறுங்கையோடு விழித்தார்கள். ஒரு பெரியவர் கீழே விழுந்ததைப் பொறுக்கித் தூவினார். அதையும் எடுத்தேன்.

தோழியின் அம்மா முதல் வரிசையில் நின்று எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கொள்ளாத சந்தோஷம். மாப்பிள்ளையின் அத்தை அவரைப் பார்ப்பதும், பக்கத்திலிருந்தவர் காதில் ஏதோ சொல்வதும், பிறகு சிரித்துத் தலையைத் திருப்பிக்கொள்வதும் என் கண்ணில் பட்டது. எதற்கு அந்தப் பார்வை? மனசில் குறித்துக்கொண்டேன்.

திரை விலகியது. பாண்டு முழங்கியது. மாலை மாற்றிக்கொண்டார்கள். தோழி சிரித்த சிரிப்பு, நானே நம்ப முடியாத அளவுக்கு, அப்படியே படத்தில் விழுந்தது. அடுத்து கன்னிகாதானம். அப்பாவின் கைமேல் அம்மா தண்ணீர் வார்த்தார். அது முடிந்து தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபைக்குள் இறங்கியது. அம்மா முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு செம்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து தோளைத் தொட்டார்.

"வரேன்மா. நீ பாத்துக்கோ."

பக்கவாட்டுக் கதவு வழியாக அவர் போனார். மேடைக்குக் கீழே, நாற்காலியில் பயிற்சி செய்த அதே கோணத்தில் போய் மண்டியிட்டேன். தட்டு கடைசி வரிசைகளில் சுற்றிக்கொண்டிருந்தது. சும்மா காத்திருக்கிற நேரம். பக்கத்தில் மாப்பிள்ளையின் அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? எனக்குத் தெரிந்த இந்தியில், மங்களாஷ்டகத்தின்போது பெண்ணின் அம்மாவைப் பார்த்து ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டே விட்டேன்.

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். அந்த நேரத்தில் பெண்ணின் தாய் அங்கே நிற்கக் கூடாது, துளசியிடம் இருக்க வேண்டும். சொல்லலாமா என்று பார்த்தேன், ஆனால் அந்த அம்மா முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மனசு வரவில்லை, உங்கள் பக்கத்து வழக்கம் வேறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன் என்றார்.

"அவங்க இப்பதான் துளசிக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்காங்க" என்றேன்.

"இப்போதா?" அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஷாதி தோ ஹோ கயி!"

கல்யாணம்தான் ஆகிவிட்டதே என்கிறார்! அவர்களுக்குத் திரை விலகியதும் கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம் பெண்ணின் அம்மா தாராளமாகப் பார்க்கலாம். நமக்கோ தாலி ஏறும்வரை எதுவும் கல்யாணம் இல்லை. ஆகவே கடக்கி வீட்டில் ஒருவரும், அப்பாவிலிருந்து நான்வரை, எப்போது வெளியே போக வேண்டும் என்று சம்பந்தியைக் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது, தாலி கட்டும்போதுதானே என்று இருந்துவிட்டோம். பார்க்கக் கூடாததை அந்த அம்மா முதல் வரிசையில் நின்று அட்சதை தூவிப் பார்த்தாயிற்று. பார்க்கக்கூடியதை விட்டுவிட்டுத் துளசியிடம் போயிருக்கிறார்.

தட்டு மேடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் படத்தின் ஞாபகம்தான் வந்தது. எழுந்து போனால் இந்த இடம் போகும், முடிச்சு போகும், வாக்கும் போகும். வேறு யாரையாவது அனுப்பலாமா என்று திரும்பிப் பார்த்தேன். அவர்களுக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் தாலி கட்டியாகிவிடும். அத்தை என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "ஜா, ஜா!" என்றார். ஓடினேன்.

சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, ஜிலேபி சுடுகிறவரை இடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். துளசி மாடத்தின் முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. காலிச் செம்பை மார்போடு அணைத்துக் கண்ணை மூடியிருந்தார்.

"வாங்கம்மா, நீங்க பாக்கலாம்."

"வேணாம்மா. இவரு வாக்குக் குடுத்திருக்காரு."

"நீங்க பாக்கக் கூடாதது அந்தத் திரை விலகினதுதான். அது எப்பவோ முடிஞ்சிருச்சு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ! அத நான் பாத்துட்டனே!"

"அவங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லலம்மா. அத்தைதான் என்னை அனுப்பினாங்க. வாங்க."

அந்த நேரம் உள்ளேயிருந்து கெட்டி மேளம் கேட்டது. அப்பாவின் நண்பர் கைபேசியிலிருந்து ஒலிபெருக்கியில் போடுவதாக ஏற்பாடு. தட்டு மேடையேறியதுமே அவசரப்பட்டுப் போட்டுவிட்டார். அதற்குமேல் அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. செம்பை அங்கேயே போட்டார். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். நான்தான் அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன்.

பக்கவாட்டுக் கதவில் நின்றுவிட்டார். அங்கிருந்து மணவறை பக்கவாட்டில் அப்பட்டமாகத் தெரிந்தது. தோழி தலை குனிந்திருந்தாள். மாப்பிள்ளையின் கைகள் அவள் கழுத்துக்குப் பின்னால் போயின. அம்மா என் வலது மணிக்கட்டைப் பற்றினார். வளையல்கள் சதையில் பதிகிற பிடி. கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கையை உருவிக்கொண்டு எடுத்திருக்கலாம். ஒரு முடிச்சாவது கிடைத்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை. முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தேன். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கண்ணீர் வந்தது.

இரண்டு வாரம் கழித்துப் படங்களோடு கடக்கிக்குப் போனேன். தோழியும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். எல்லோரும் மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கத்தரிக்காய் நிறச் சம்பந்திகளுக்குச் சிரித்தார்கள். மாலை மாற்றிய படத்தைப் பார்த்துத் தோழி என்னைக் கட்டிக்கொண்டாள். தாலித் தட்டை அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்ளும் படம் வந்தது. அதற்கு அடுத்த படத்தில் தோழி கழுத்தில் தாலியோடு நிமிர்ந்து சிரித்தாள். அவள் முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தாள்.

"நடுவுல எங்கடீ?"

மற்றவர்கள் கைபேசிகளில் தேடியாகிவிட்டதாம். அட்சதை போட எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டதால், ஒவ்வொன்றிலும் முதுகும் தூக்கிய கைகளும்தான். என்னை நம்பி இருந்திருக்கிறார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவள ஏன் கேக்கற? என்னைக் கேளு. நீ தலைய குனிஞ்சிக்கினு இருந்த, உனக்கு இன்னா தெரியும்? உங்கப்பா கண்ண மூடிக்கினு சாமி கும்பிட்டாரு. நான் பாத்தேன். மொத முடிச்சு போடச்சொல்ல மாப்பிள்ளைக்குக் கை நடுங்கிச்சு. ரெண்டாவதுல உன் முடி ஒண்ணு மாட்டிக்கிச்சு, மெதுவா எடுத்து வுட்டாரு, உனக்கு வலிக்கக் கூடாதுன்னு."

தோழி மடிக்கணினியை மூடி வைத்தாள். "மூணாவது?" என்றாள்.