அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய அத்தியாயம்

நாவல் எழுதிக்கொண்டிருந்த அந்த வருடம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிந்ததில்லை. ஐரோலி ஆபீசுக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே போனில் எழுதுவேன். பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப் வீட்டுக்கு வந்ததும் எழுதியதெல்லாம் குப்பையாகத் தெரியும். கதை அம்மாவின் ஊர்ப்பக்கம் நடப்பது. பிள்ளையில்லாத அக்காளுக்குத் தன் தலைப்பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் பம்பாய்க்கு ரயிலேறும் ஒருத்தியின் கதை. முழுக்க முழுக்க என் கற்பனை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, ஊர்ப்பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்று கேட்பதற்காக ஓர் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினேன். ரயிலில் அந்தப் பெண்ணுக்குப் பால் கட்டிக்கொள்கிறது. வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுகிறாள்.

"ரயில்ல மல்லிப்பூ எங்கட்டி கெடச்சுது?" என்றாள் அம்மா. "பழைய சேலையக் கிழிச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டுல்லா வந்தேன்."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஒனக்கு யாரு சொன்னா? அக்காவா?"

"யாரும் சொல்லலம்மா. சும்மா நானா எழுதினது."

"நடிக்காத. ஒன்கிட்ட சொன்னவ அவன்கிட்டயும் சொல்லியிருப்பா. அவனுக்குத் தெரியுமா? அத மட்டும் சொல்லு."

ஊரில் இருக்கும் பெரியம்மா மகனைத்தான் சொன்னாள். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவன். அம்மாவை அவன் சித்தி என்பான். எழுந்தேன், ஜன்னல்வரை போனேன், திரும்பி வந்தேன். கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் என்னிடம்கூடச் சொல்லாமல் எப்படி இருந்தாள்?

"சத்தியமா பெரியம்மா வாயே தெறக்கலம்மா. அண்ணனுக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

நிம்மதியாவாள் என்று நினைத்தேன். முகம் தொங்கிப்போயிற்று.

ஒரு கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "கதையில அந்தப் பயலுக்குத் தெரிய வருதா?" என்றாள்.

"வருது."

"தெரிஞ்சதும் அவள அம்மான்னு கூப்பிடுதானா?"

நான் எழுதியிருந்தது வேறு. அவன் அவள் முகத்தில் விழிக்காமலே ஊரைவிட்டுப் போய்விடுகிறான்.

"கூப்பிடுதான்மா," என்றேன்.

முறத்தைத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க, அத வாசி."

போனைப் பார்த்தபடி, எழுதாத ஒன்றை வாசித்தேன்.

"இன்னொருக்க வாசிட்டி."

இரண்டாம் முறை வார்த்தைகள் மாறிவிட்டன. அம்மாவுக்கு அது தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தாள்.