நான் மாட்டிக்கொடுத்த கேமரா

தண்ணீரில் விழுந்த கைப்பேசியை அரிசிக்குள் புதைத்து வைப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அரிசி அதைக் காயவைக்காது. அதன் மாவுத்தூள்தான் சார்ஜ் போடும் துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். துடைத்து, அணைத்து, காற்றாடிக்கு முன்னால் ஒரு நாள் வையுங்கள் என்று எங்கள் குடும்பக் குழுவில் எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. எல்லாரும் கட்டைவிரல் படத்தைப் போடுவார்கள். அடுத்த தடவையும் அரிசி டின்னைத்தான் திறப்பார்கள்.

அந்தக் குழுவிலேயே பெரிய நிபுணர் என் அக்காவின் கணவர். அரை நிமிட வீடியோக்களைப் பார்த்தே அத்தனையும் கற்றவர். காலையில் கண் விழித்ததும் ஒரு குறிப்பைப் போட்டுவிடுவார். கைப்பேசியைக் குளிர்பெட்டியில் வைத்தால் பேட்டரி ஆயுள் கூடும் என்று ஒருநாள் போட்டார். நான் மறுத்து எழுதினால், "நீ ஃபேக்டரில சிப்பு டெஸ்ட் பண்றவ லா, உனக்கு என்னா தெரியும்?" என்று குரல் பதிவு வரும். சிப்பு சோதிப்பவளுக்குத் தெரியாதது, சோபாவில் சாய்ந்து வீடியோ பார்ப்பவருக்குத் தெரியுமாம்.

ஆனாலும் அவர் பத்து காவான் என்ற ஊரில் புது வீடு வாங்கியபோது, அதில் எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்தவள் நான்தான். இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எனக்கு இந்தச் சாமான்கள் என்றால் பைத்தியம். கெலுகோரில் நான் தனியாக இருக்கும் அடுக்குமாடி வீட்டில், வேலை முடிந்து கடல் பாலத்தில் காரை ஓட்டிக்கொண்டு வரும்போதே குளிர்சாதனம் ஓடத் தொடங்கிவிடும். அதனால் அவர் கூப்பிட்டதும் ஓடினேன். விளக்கு, கதவுப் பூட்டு, வரவேற்பறைக் கேமரா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஏணியில் நின்றேன். அவர் கீழே நின்று ஏணியைப் பிடிக்காமல் யோசனை சொன்னார். எல்லாவற்றையும் அவருடைய கைப்பேசியில் மட்டும் இணைக்கச் சொன்னார், இணைத்தேன். அக்காவின் கைப்பேசியிலும் சேர்க்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டேன். "அவளுக்கு எதுக்கு? கொழப்பிருவா" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை முற்பகல், பாகான் டாலாமில் முழங்கால் அறுவை செய்துகொண்ட எங்கள் சின்னம்மாவைப் பார்க்க அக்காவை அழைத்துப் போக வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால், சுவரில் இருந்த எல்லாச் சுவிட்சுகளின் மேலும் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது. யாராவது சுவிட்சை அணைத்தால் அவர் கைப்பேசியிலிருந்து விளக்கை ஏற்ற முடியாதாம். வெளியில் மழை இருட்டு கட்டியிருந்தது. அக்கா அலமாரி மேல் இருந்த பேசும் பெட்டியைப் பார்த்து ஆங்கிலத்தில் விளக்கைப் போடச் சொன்னாள். புரியவில்லை என்றது அது. குரலை மாற்றி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மறுபடியும் புரியவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி, தன் வீட்டு விளக்குக்காக ஒரு டப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"விடுடி, பழகிப்போச்சு. ரொம்ப இருட்டுனா அவருக்கு போன் பண்ணுவேன், எங்க இருந்தாலும் அங்கிருந்தே போட்டுருவாரு" என்றாள்.

நல்ல ஏற்பாடு. சமையலறையில் விளக்கு எரிய, வேறெங்கோ உட்கார்ந்திருப்பவரின் தயவு வேண்டும்.

அவள் கைப்பையை எடுத்து, கதவருகே வந்து செருப்பை மாட்டினாள். அப்போது அலமாரிக்கு மேலிருந்த கேமராவில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

அத்தானின் குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா பதறவில்லை. செருப்போடு ஓரடி பின்னால் வந்து, கேமராவுக்கு நேராக நின்றாள். கைகள் இரண்டும் பையை முன்னால் பிடித்திருந்தன. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் அறையில் அப்படித்தான் நிற்போம்.

"சின்னம்மாவ பாக்கப் போறோங்க. நேத்தே சொன்னேன்ல."

"மீன் கறி வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"மூடிய தொறந்து காமி."

அவள் சமையலறைக்குத் திரும்பப் போனாள். சட்டியை எடுத்துவரத்தான் போகிறாள் என்பது எனக்கு ஒரு நொடி கழித்தே உறைத்தது. அந்த நேரத்தில் கேமராவிலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "டேய், நெசமாவே எடுக்கப் போவுதுடா!" அதன் பின்னால் மூன்று நான்கு ஆண்களின் சிரிப்பு, கோப்பைகள் மோதும் சத்தம். அத்தான் கோப்பிக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து, தன் மனைவியை அவர்களுக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "சொன்னேன்ல, இந்தப் பட்டன அமுக்குனா போதும்" என்று அவர் பெருமையடித்ததும் தெளிவாகவே கேட்டது. மைக்கை அணைக்கக்கூடத் தெரியாத நிபுணர்.

அக்கா சட்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். சிரிப்பு அவளுக்கும் கேட்டிருந்தது. மறுபடி 'டிக்' என்றது, கேமரா அடங்கியது. அவள் சட்டியைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"இத எப்படிடி நிறுத்துறது?"

"வயர புடுங்குனா நின்னுரும்."

"வந்து திரும்ப மாட்டுவாரு. முழுசா நிறுத்தணும்."

நாற்காலியைப் போட்டேன். அவளே ஏறினாள். கேமராவின் அடியில் ஓர் ஊசித்துளை இருக்கும், அதில் ஊக்கை விட்டுப் பத்து எண்ணும் வரை அழுத்து என்றேன். சத்தமாக எண்ணினாள். எட்டிலேயே சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. அவள் பத்து வரை எண்ணியே கையை எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆனது. அவளுடைய கைப்பேசி, அத்தான் கழித்துக் கொடுத்த பழையது, திரையில் கீறல். அதில்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைத்தோம். கதவுப் பூட்டின் உள்பக்கத்து மூடியைத் திறந்து பழைய விரல் ரேகைகளை அழித்துவிட்டு, அவள் விரலை மட்டும் பதிவு செய்தோம். கடவுச்சொல் போடும் இடம் வந்ததும் என்னைத் திரும்பிக்கொள்ளச் சொன்னாள்.

"நான் உன் தங்கச்சிடி."

"அவரு போனுல போட்டுக் குடுத்ததும் நீதானே. திரும்பு."

திரும்பிக்கொண்டேன். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அத்தான் மேல் எனக்கிருந்த இளக்காரம் முழுவதும் அந்த ஒரு நிமிடம் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. ஏணியில் நின்றபோது எந்தக் கேமராவில் படம் துல்லியமாக வரும் என்றுதான் பார்த்தேனே தவிர, அது யாரைப் பார்க்கப்போகிறது என்று யோசிக்கவில்லை.

கிளம்பும் முன் சுவிட்சுகளின் மேல் இருந்த நாடாக்களை அக்கா ஒவ்வொன்றாக உரித்தாள். ஒன்றைத் தட்டினாள், விளக்கு எரிந்தது. அணைத்தாள். திரும்பவும் தட்டிப் பார்த்தாள்.

போகும் வழியில் அவளுடைய கைப்பேசி அடித்துக்கொண்டே வந்தது. "வைஃபை போச்சான்னு கேப்பாரு, கேக்கட்டும்" என்று சொல்லி மடியில் கவிழ்த்து வைத்தாள். சின்னம்மா வீட்டில் இரண்டு கோப்பைத் தேநீர் குடித்து, முழங்காலைப் பற்றி விசாரித்தாள்.

மாலை ஐந்து மணிக்குத் திரும்பினோம். அத்தான் வாசல் பூட்டில் விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். பூட்டு ஒவ்வொரு தடவையும் சிவப்பாக எரிந்து மறுத்தது. காரைப் பார்த்ததும் என்மேல் பாய்ந்தார்.

"நீதானே கெடுத்த?"

"நான்தான் செஞ்சேன்" என்றாள் அக்கா. "இந்த ஊக்காலதான்."

"வீட்டுப் பாதுகாப்புக்குத்தானே லா வச்சேன்!"

"திருடன் வாசல் வழியா வருவான். வாசல்ல வைங்க. என் அடுப்படிய உங்க கூட்டாளிங்க பாக்கத் தேவையில்ல."

கோப்பிக் கடைச் சிரிப்பு அவளுக்குக் கேட்டது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பூட்டிலிருந்து கையை எடுத்தார். அக்கா அவரைத் தாண்டிப் போய் விரலை வைத்தாள். கதவு திறந்தது. அவர் பின்னாலேயே உள்ளே போனார். மீன் கறி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணுவது எப்படி என்று அவருக்குத் தெரியும்தானே என்று கேட்டுவிட்டு, அக்கா குளிக்கப் போனாள்.

கேமரா இப்போது வெளிக்கதவைப் பார்க்கிறது. அவருடைய விரலை மூன்று நாள் கழித்து அக்காவே பூட்டில் சேர்த்தாள். குளிர்சாதனத்தை வெளியிலிருந்து ஓட்ட மட்டும், விருந்தாளி என்ற பெயரில் அவருக்கு அனுமதி உண்டு. குடும்பக் குழுவில் காலைக் குறிப்புகள் நிற்கவில்லை. போன வாரம்கூட, நனைந்த கைப்பேசிக்குப் பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி நல்லது என்று ஒரு வீடியோ போட்டிருந்தார். பதில் எழுதுவதை நான் விட்டுவிட்டேன். அத்தான் என்னோடு பேசுவதில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.