இரவல் வால்வு

பாய்லர்காரருக்கு ஒன்பது வருடமாக ஒரே கவலை. அந்தச் சலவை ஆலையின் பாய்லரில் பாதுகாப்பு வால்வு தேய்ந்துபோய், அழுத்தம் ஏறுவதற்குள்ளேயே ஆவியைக் கக்கியது. ஆவி போனால் படுக்கை விரிப்புகள் காயாது. முதலாளி சொன்ன வைத்தியம், வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டு என்பதுதான். கட்டினார். இனி அழுத்தம் மிஞ்சினாலும் ஆவி வெளியேறாது, பாய்லரே வெடிக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரி அறை. அங்கே நின்று வேலை பார்த்தவர்களில் ஒருத்தி அவர் மனைவி.

ஆய்வாளர்கள் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தார்கள், வராமல் என்ன! ஆனால் மரியாதை தெரிந்தவர்கள். பத்து நாள் முன்பே கடிதம் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். கடிதம் வந்ததும் ஆலை அல்லோலகல்லோலப்படும். சுவருக்கு வெள்ளை, தரைக்குச் சோப்பு. முதலாளியின் மச்சினனும் ஓர் ஆலை வைத்திருந்தார். அங்கேயிருந்து ஒரு நல்ல வால்வு ஆய்வு நாளுக்கு மட்டும் இரவல் வரும். ஒரே வால்வு இரண்டு ஆலைக்கும் பரீட்சை எழுதித் தேறியது. ஆய்வாளர் தலை மறைந்ததும் வால்வு ஊர் திரும்பும், பாய்லர்காரர் கம்பியைத் தேடுவார். ஒருமுறை வாயைத் திறந்தார். வேலை வேண்டாமா என்று முதலாளி கேட்டதும் மூடிக்கொண்டார்.

இந்த வருடம் விதி மாறியது. ஒரு காலையில் கடிதமும் இல்லாமல், தோளில் பையோடு ஓர் ஆய்வாளர் அம்மா வந்து நின்றார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக் கூடாதா, வேலை கெடுகிறதே என்று முதலாளி அங்கலாய்த்தார். அதுவும் பொய்யில்லை, விரிப்புகள் ஈரத்தோடு மலையாகக் கிடந்தன. அந்த அம்மா நேராகப் பாய்லர் ஏணியில் ஏறினார்.

"இந்தக் கம்பியை யாரு கட்டினது?"

சொல்லாதே என்று முதலாளி கண்ணைக் காட்டினார். பாய்லர்காரர் ஏணியடிக்கு வந்தார்.

"நான்தாம்மா. என் கையாலதான் கட்டினேன்."

நெருப்பை அணைக்கச் சொல்லி, பாய்லருக்குச் சீல் வைத்தார்கள். புது வால்வு போட்ட பிறகுதான் இனி அது எரியும். பாய்லர்காரரின் உரிமத்தையும் மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். அப்பாடா என்றிருந்தது மனிதருக்கு. வாசலுக்கு வந்தவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்தபடியே எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் நின்றுவிட்டாள். "ஆய்வாளர் வர்றது பத்து நாள் முன்னாடியே முதலாளிக்குத் தெரிஞ்சு என்ன ஆகணும்? சுவருக்குப் பின்னாடி நின்னவ நான். என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வீடு வரைக்கும் அவள் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தாள். அவள் பக்கத்தில் நடந்து திட்டுவதைக் கேட்கக் கேட்க, அவருக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.