பறக்கிற விமானத்தில் தொங்கிய ரிப்பன்

தென்காசியில் ஒரு பிளாஸ்டிக் போர் விமானத்தை மூன்று மாதம் உட்கார்ந்து ஒட்டி, பெயின்ட் அடித்து, யார் முன்னால் வேண்டுமானாலும் கொண்டுபோய் வையுங்கள். கேள்வி ஒன்றுதான் வரும்: "பறக்குமா?"

பறக்காது என்றால் அடுத்தது, "அப்ப எதுக்கு?" கேட்கிறவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு தாஜ்மகால் இருக்கும். அதில் யாரும் குடியிருக்கவில்லை. அதை நான் சுட்டிக்காட்டுவதில்லை. அக்கம்பக்கம் வேண்டுமல்லவா.

எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டிக் கொடுப்பது என் தொழில். வாரம் ஆறு நாள் செம்புக் கம்பி சுற்றுகிற கைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு தண்டனை. அந்தத் தண்டனையைக் குறைக்கத்தான் விமானம் ஒட்ட ஆரம்பித்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. படம் பார்த்தும் கெடுத்தும் கற்றுக்கொண்டதுதான். கண்டதையும் ஒட்டிக்கொண்டிருந்தவன் பிறகு ஒரு 'தீம்' வைத்துக்கொண்டேன். தீம் என்றால் பத்தியம். இது ஆகும், இது ஆகாது. நம் நாட்டு விமானப்படை ஓட்டிய ஜெட் சண்டை விமானங்கள் மட்டும், எல்லாம் நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, மொத்தம் பன்னிரண்டு. அடுத்த நாட்டு விமானம் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் என் வாசல்படி ஏறாது. சாதிவிட்டுச் சாதி பெண் எடுக்க மாட்டேன் என்று நிற்கிறவர்களை நான் கேலி செய்வதுண்டு. பிளாஸ்டிக் விஷயத்தில் நானும் அதே ஆள்தான்.

ஒருமுறை கடைக்கு வந்த ஒருவரிடம், "வீட்டுல விமானம் கட்டிட்டு இருக்கேன்" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரம் இலத்தூர்ப் பக்கத்திலிருந்து கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கருவறைக்கு மேலே எழுப்புகிற விமானம் என்று அவர்களுக்குக் கணக்கு.

"அண்ணாச்சி, எத்தன கலசம் வைக்கிய? ஸ்தபதி யாரு? எங்க கோயில் விமானமும் வெடிச்சுக் கெடக்கு, பாத்துக்கிடுங்க."

நான் உள்ளே போய் உள்ளங்கையளவு 'நாட்' விமானத்தை எடுத்துவந்து காட்டினேன். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப கும்பாபிஷேகம் கெடையாது" என்று ஒரு முடிவுக்கு வந்தார். எழுந்து செருப்பு மாட்டும்போது கேட்டார்: "பறக்குமா?"

இப்படி இருந்த எனக்கு இந்த வருடம் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பள்ளி ஹாலில் பன்னிரண்டையும் வரிசையாக வைத்து, பக்கத்தில் நின்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அழைப்பிதழில் 'விமான நிபுணர்' என்று அச்சடித்துவிட்டார்கள். மறுப்பதற்கு நான் யார்.

பதினொன்று தயார். கடைசியாக நின்றது மிக் இருபத்தொன்று. ஆனால் வெளியே சாரல்.

சாரல் நாளில் அப்பளம் எண்ணெயிலிருந்து இலைக்கு வருவதற்குள் நமத்துவிடும். அப்படிப்பட்ட காற்றில் பெயின்ட் காயுமா? நான்கு நாள் ஆகியும் தொட்ட விரலோடு வந்தது. கடையில் காயிலுக்கு வார்னிஷ் காயவைப்பதுபோல அட்டைப்பெட்டிக்குள் நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டு உள்ளே வைத்தேன். பெயின்ட் காய்ந்தது. கூடவே ஓர் இறக்கை வெயிலில் வாடிய வாழையிலைபோலத் தொய்ந்துவிட்டது. வெந்நீரில் முக்கி நிமிர்த்தினேன். நிபுணர்.

இது போதாதென்று சொந்தபந்தம். அருவியில் தண்ணீர் விழுவதற்கு முந்தின பஸ்ஸில் அவர்கள் வந்துவிடுவார்கள். 'குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டினவனும் பேருந்து நிலையத்தில் பாய் விரித்தவனும் ஒன்று' என்று நானே ஒரு சொலவடை கட்டி வைத்திருக்கிறேன். மூன்று வேளையும் ஈரத் துண்டு, எண்ணெய்ப் பிசுக்கு. பழைய வாம்பயர் விமானத்தின் வாலில் ஒருநாள் யாருடைய பனியனோ காய்ந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி மதுரையிலிருந்து என் மனைவியின் அக்காவும், அதாவது மதினியும், அவள் வீட்டுக்காரரும் வந்து இறங்கினார்கள். அவர் எனக்குச் சகலை. மூத்தவர் என்பதால் அண்ணாச்சி என்பேன். விமானப்படையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். இப்போது ஒரு வங்கி வாசலில் காவல். பேச்சு குறைவு. ஊருக்கு வந்த புதிதில் எல்லோரும், "பிளைட் ஓட்டுனியளா?" என்று கேட்டார்கள். "இல்ல, கீழ வேல" என்றார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கீழே என்ன வேலை என்பதை நான்தான் ஊருக்கு விளக்கினேன். ஒரு கல்யாணப் பந்தியில், "நம்ம அண்ணாச்சி பிளைட்டுக்குப் பெட்ரோல் ஊத்துதவாள்லா" என்றேன். சாம்பார் வாளியோடு நின்றவன்கூடச் சிரித்தான். அண்ணாச்சியும் சிரித்தார். அன்றிலிருந்து குடும்பத்தில் அவருக்கு அதுதான் பட்டம். மதினியே யாராவது கேட்டால், "எங்க வீட்டுக்காரரா? பெட்ரோல் ஊத்திட்டு இருந்தாவ" என்பாள். நாக்குக்கு நரம்பில்லை என்பார்கள். என் நாக்குக்கு வெட்கமும் இல்லை.

பதினான்காம் தேதி மாலை, நான் மிக் விமானத்தைத் தாங்குகம்பியில் பொருத்திக்கொண்டிருந்தேன். மூக்கு மேலே பார்க்க, சக்கரமெல்லாம் உள்ளே மடங்கிய நிலையில் அது பறப்பதுபோல. அண்ணாச்சி துண்டு காயப்போட இடம் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். நான் சும்மா இருக்கக் கூடாதா? முக்கோண இறக்கை ஏன், எஞ்சின் எப்படி என்று ஆரம்பித்து நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்ல வைத்திருந்ததை அவரிடம் ஒத்திகை பார்த்தேன். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று இதற்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் துண்டைத் தோளில் போட்டபடி முழுவதையும் கேட்டார். பிறகு குனிந்து பார்த்துக் கேட்டார்.

"தம்பி, இது பறக்கா, நிக்கா?"

"பறக்கு அண்ணாச்சி. சக்கரம் உள்ள போயிட்டுல்லா, பாக்கலியா?"

"அப்ப ரிப்பன் தொங்குதே."

மூக்கிலும் வயிற்றிலும் இறக்கைக்குக் கீழேயுமாக ஐந்து இடத்தில் சின்னச் சின்னச் சிவப்பு ரிப்பன் ஒட்டியிருந்தேன். இணையத்தில் பார்த்த படத்தில் இருந்தது. கோயில் கொடைக்கு நேர்ந்த கிடாவுக்கு மாலை போட்டதுபோல அழகாக இருந்ததே என்று நானும் போட்டேன்.

"அழகுக்குத்தான அண்ணாச்சி அது?"

அவர் முதன்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். "அழகுக்கா? அது கழட்டணும்னு கண்ணுல படுததுக்குல்லா. இந்தா, மூக்குல ஊசி மாதிரி நீட்டிட்டு இருக்கு பாருங்க, இதுக்கு உறை போட்டுருப்போம். இல்லன்னா குளவி உள்ள போயிக் கூடு கட்டிரும். உறையோட விமானி கெளம்பிட்டாருன்னா மேல போன பெறவு என்ன வேகத்துல போறோம்னே அவருக்குத் தெரியாது. மத்ததெல்லாம் ஆணி. சக்கரத்த மடங்க விடாம பூட்டி வச்சிருக்கது. எல்லாத்துலயும் இந்த ரிப்பன் தொங்கும்."

"யாரு கழட்டுவா?"

"நாங்கதான். ஒவ்வொண்ணாக் கழட்டிக் கையில கோத்துக்கிட்டு, விமானி கண்ணுக்கு நேரா தூக்கிக் காட்டணும். அவரு எண்ணுவாரு. எண்ணி முடிச்சுக் கட்டவிரல ஒசத்துனாத்தான் வண்டி நகரும்."

"இதுதானா உங்க வேல?"

"இதுவும்தான்."

கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக நெய்க்கு இணையத்தில் அலைந்திருக்கிறேன். சக்கரம் மடங்கிப் பறக்கிற விமானத்தில் சக்கரத்தைப் பூட்டுகிற ஆணி. மடையன் செய்தால்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய மாட்டான்.

"விடுங்க தம்பி. நாளைக்கு யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் அவர்.

அது நிஜம். அந்த ஹாலில் ஒருவருக்கும் தெரியாது. அவர் ஒருவருக்குத் தெரியும். தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார், பந்தியில் சிரித்த மாதிரியே சிரித்துக்கொண்டு. பிளேடையும் இடுக்கியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே கழட்டுங்க அண்ணாச்சி."

துண்டைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். முதலில் மூக்கு, பிறகு வயிறு. வரிசை அவருக்கு மனப்பாடம். நான் போட்டிருந்த பசை நொடியில் பிடிக்கிற ரகம். ரிப்பனோடு பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. ஐந்து இடத்திலும் வெறும் பிளாஸ்டிக் பல்லிளித்தது. இந்த ஈரத்தில் இனிப் பெயின்ட் அடித்தால் தீபாவளிக்குத்தான் காயும். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி விமானத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "நெசத்துலயும் இந்த எடத்துல பெயின்ட் போயித்தான் இருக்கும். தெனம் எங்க கை படுத எடம்லா. மத்த பதினொண்ணும் மாப்பிள்ள அழைப்புக்கு நிக்கது மாதிரி நிக்கி. இது ஒண்ணுதான் வேலைக்குப் போயிட்டு வந்தது மாதிரி இருக்கு."

மறுநாள் ஹாலில் பதினோரு விமானத்துக்கும் நிபுணர் விளக்கம் சொன்னார். நான் சொன்னவற்றில் எத்தனை சரியென்று எண்ணிக்கொண்டு ஒருவர் பின்னால் நிற்பது தெரிந்ததால், வழக்கத்தைவிடக் குறைவாகவே அளந்தேன். பன்னிரண்டாவது வந்ததும் ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினேன். "இதுல வேல பாத்தவாள் இவாள்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஒலிவாங்கியை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்தார். அதில் ஐந்து ரிப்பனும் கோத்திருந்தது, ஒவ்வொன்றும் வற்றல் மிளகாய்த் தோல் கிள்ளிப்போட்ட அளவு. கையை நேராக உயர்த்திப் பிடித்து, முன்வரிசைப் பிள்ளைகளைப் பார்த்து, "எண்ணுங்க" என்றார். எண்ணினார்கள். "சரியா இருக்கா? இருந்தா கட்டவிரல ஒசத்துங்க." ஹால் முழுக்கக் கட்டைவிரல். தலைமையாசிரியை அம்மாவும் உயர்த்தியிருந்தார்.

மதினி அருவியில் குளித்த ஈரத் தலையோடு தூணருகே நின்றாள். பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனதும் மெதுவாகக் கிட்டே வந்தாள். ஊக்கில் தொங்கியதை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல ஒண்ண மறந்துட்டா?"

"மறக்கல."

"இருவது வருசமும்?"

"ஒரு நாளும் மறக்கல."

மதினி ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டாள்.

"அப்ப பெட்ரோல் யாரு ஊத்துனா?"

"அது வேற செக்‌ஷன்" என்றார் அண்ணாச்சி.