வாய் அசைந்த குற்றம்

அந்த மின்னஞ்சலை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் சத்தமாக. தேர்வு நேரத்தில் நான் வேறொருவருடன் பேசிக்கொண்டிருந்தேனாம். அதனால் அந்தத் தாள் ரத்தாம். அன்றைக்கு வீட்டில் இருந்தது நானும் மின்விசிறியும்தான். வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார், பிள்ளையை மாமியார் சர்ச்சுக்கு அழைத்துப் போயிருந்தார். கன்டெய்னர் லாரி சத்தம் கேட்கக்கூடாது என்று ஜன்னலையெல்லாம் சாத்தி, வியர்த்துக் கொட்டி எழுதிய ஆன்லைன் தேர்வு அது. இல்லாத ஆளோடு பேசினேன் என்று சொன்னால் வயிறு எரியாதா?

நான் ஒரகடம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். டிப்ளமோ படித்துவிட்டுப் பதினோரு வருஷமாக ரத்தம் எடுக்கிறேன், பரிசோதிக்கிறேன். நான் செய்த டெஸ்டுக்கு நானே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் நிர்வாகம் ஒரு அறிவிப்பு ஒட்டியது. இரண்டு வருஷத்துக்குள் பட்டம் வாங்காதவர்கள் டெஸ்ட் செய்யலாம், கையெழுத்துப் போடக்கூடாது. வேலை போகாது, சம்பளமும் குறையாது, பெயர் மட்டும் போய்விடும். மற்றவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. என் கண்ணால் பார்த்துச் சொன்ன எண்ணுக்குக் கீழே என் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படித்தான் ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். ‘பணிபுரியும் மருத்துவப் பணியாளர்களுக்காகவே’ என்று விளம்பரம். டிப்ளமோ இருந்ததால் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஷேர் ஆட்டோவில் ஒரு காதில் பாடம், இன்னொரு காதில் டிரைவரின் பாட்டு. கிருத்திகை அன்று வல்லக்கோட்டைக் கூட்டத்தில் வண்டி நகராது. அன்றைக்கு மட்டும் இரண்டு பாடம் முடிந்துவிடும், முருகன் புண்ணியத்தில். நான் வேதக்காரி, ஆனாலும் நன்றி சொல்ல வேண்டியவருக்குச் சொல்லித்தானே ஆக வேண்டும். இப்படியே கடைசி செமஸ்டர் வரை வந்தேன். அதில்தான் இந்த இடி.

எங்கள் லேபின் பழக்கத்தைச் சொன்னால்தான் நடந்தது புரியும். நாங்கள் எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ள மாட்டோம். ரத்தம் எடுக்கும் முன் ஆளின் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்வோம். பிறகு சீட்டில் உள்ள பெயரையும் எண்ணையும் நாங்கள் உரக்கப் படிப்போம், குழாயில் ஒட்டும்போது இன்னொரு தடவை படிப்போம். வார்டுக்குப் போனில் பொட்டாசியம் ஆறு பாயிண்ட் எட்டு என்று சொன்னால், அங்கே இருக்கும் நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லும்வரை போனை வைக்க மாட்டோம். கண் ஏமாறும், காது பிடித்துவிடும். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரே லைனில் ஒரே பெயரில் மூன்று பேர் வேலை செய்வார்கள், இனிஷியல்கூட ஒன்றாக இருக்கும். வாயைத் திறக்காமல் வேலை செய்கிற டெக்னீஷியனிடம் நான் என் கையை நீட்ட மாட்டேன்.

பதினோரு வருஷப் பழக்கம். தேர்விலும் கேள்வியை முணுமுணுத்துப் படித்தேன், விடையைத் தேர்ந்தெடுத்ததும் ‘சி, சி, சரி’ என்று சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். சொன்னது எனக்கே தெரியாது. கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மென்பொருளுக்குத் தெரிந்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாயே வினையாகிவிட்டது.

விசாரணை வீடியோ அழைப்பில் நடந்தது. அந்தப் பக்கம் இரண்டு பேர், ஒருவர் கேமராவையே போடவில்லை. ஆதாரம் என்று ஒரு துண்டு வீடியோவைக் காட்டினார்கள். அதில் நான் ஒரு கேள்வியைப் படிக்கிறேன். எந்தக் கேள்வி தெரியுமா? நோயாளியின் ரத்தம் எடுக்கும் முன் அடையாளத்தை உறுதிசெய்யும் சரியான முறை எது என்ற கேள்வி. நோயாளியைப் பெயர் சொல்லச் சொல்லி, சீட்டோடு உரக்க ஒப்பிட வேண்டும் என்பது மூன்றாவது விடை. அதைத்தான் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் பாடத்திலேயே இருப்பது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“‘சி’ன்னு யாருக்குச் சொன்னீங்க?” என்று கேமரா போட்டிருந்தவர் கேட்டார்.

எனக்கு நானே சொன்னேன் என்றேன். அதற்கு ஆதாரம் உண்டா என்றார். தனக்குத்தானே பேசியதற்கு என்ன ஆதாரம் கொடுப்பது? லேப் பழக்கத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விதி எல்லோருக்கும் பொது என்றார். தவறை ஒப்புக்கொண்டு, இனி தேர்வில் வாய் அசைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் மறுதேர்வு தருவார்களாம். இல்லையென்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஒரு வருஷம் காத்திருந்தால் மருத்துவமனையின் கெடு தாண்டிவிடும், கையெழுத்து போய்விடும்.

வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. “இன்னா இப்போ, எழுதிக் குடுத்துட்டுப் போயேன். ரெண்டு மணி நேரம் வாயை மூடிகினு குந்த முடியாதா?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. செய்யாத தவறைச் செய்ததாக எழுதிக் கொடுத்தேன். எழுதிய அன்றைக்கு எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

பிறகு வாயை மூடப் பழகினேன். வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு மாதிரிக் கேள்விகளுக்கு விடை எழுதினேன். ஆனால் பழக்கத்துக்கு வீடு வேறு, லேப் வேறு என்று தெரியுமா? லேபில் ஒன்பது மணி நேரம் பேசிவிட்டு வந்தால் வீட்டில் உதடு தானாக அசைந்தது. அதனால் லேபிலும் மனதுக்குள்ளேயே படிக்க ஆரம்பித்தேன். நான் செய்த பைத்தியக்காரத்தனம் இதுதான். இரண்டு வாரத்தில் நன்றாகவே பழகிவிட்டது.

மறுதேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் தொழிலாளர்களுக்கு வருடாந்தர உடல் பரிசோதனை. கேன்டீனில் மேசை போட்டு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தோம். லேபிள்கள் முன்னாலேயே அச்சடித்து வந்திருந்தன. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார், முப்பது வயதிருக்கும், கான்ட்ராக்டில் வேலை. அவரைப் பெயர் கேட்கவில்லை. அடையாள அட்டையைக் கண்ணால் பார்த்தேன், ரத்தம் எடுத்தேன், லேபிளை ஒட்டினேன். வாய் பசை போட்டதுபோல மூடியே இருந்தது. அவர் பஞ்சை அழுத்திக்கொண்டே குழாயைப் பார்த்தார்.

“எக்கா, இதுல கடைசி நம்பர் ரெண்டுன்னுல்லா போட்டிருக்கு. எனக்கு அஞ்சு.”

பெயர் அதேதான், இனிஷியலும் அதேதான். எண் மட்டும் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற இன்னொருவருடையது. அந்த இன்னொருவர் பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மாறியிருந்தால் அவருக்குச் சர்க்கரை இல்லை என்று போயிருக்கும், இந்தக் கான்ட்ராக்ட்காரருக்குச் சர்க்கரை என்று போயிருக்கும், அடுத்த மாதம் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்றிருப்பார்கள். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அந்த லேபிளைக் கிழித்துவிட்டு, அவர் பெயரையும் எண்ணையும் உரக்கப் படித்துச் சரியான லேபிளை ஒட்டினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டு பிஸ்கட் வாங்கப் போய்விட்டார்.

பதினோரு வருஷத்தில் வராத தவறு, இரண்டு வாரம் வாயை மூடியதும் வந்துவிட்டது. என்மேல் எவ்வளவு கோபமோ, அதைவிட அதிகக் கோபம் என்னை விசாரித்த அந்த இரண்டு பேர்மேல் வந்தது. நோயாளியின் உயிரைக் காப்பதற்கென்று ஒரு படிப்பு, அதை முடிப்பதற்கு உயிரைக் காக்கும் பழக்கத்தை விட வேண்டுமாம். இதை விதி என்று சொல்ல அவர்களுக்கு எப்படி மனசு வந்தது?

அன்று மாலையே எழுதினேன். வாய் அசைக்க மாட்டேன் என்று நான் கொடுத்த உறுதியைத் திரும்பப் பெறுகிறேன், நான் படித்துச் சரிபார்ப்பது உரக்கத்தான், பதிவை முழுதாகக் கேட்டுக்கொள்ளுங்கள், வேறு குரல் இருந்தால் என்னை நீக்குங்கள். நாலே வரி. பதில் வரவில்லை. வீட்டுக்காரர் கேன்டீனில் நடந்ததைக் கேட்டபிறகு, இருந்து இருந்து இப்படியா செய்வாய் என்று திட்டவில்லை. தேர்வு அன்று பிள்ளையைத் தானே வெளியே கூட்டிப் போனார்.

அந்தத் தாளின் முடிவு இன்றுவரை ‘பரிசீலனையில்’ என்றே இருக்கிறது. கெடு முடிந்துவிட்டது. நான் பரிசோதித்த ரிப்போர்ட்டில், பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு பெண் கையெழுத்துப் போடுகிறாள். நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட்டை அவள் பக்கம் நகர்த்தும் முன் என் பெயர் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன். ஆனால் மறுதேர்வில் செய்ததை இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் அப்படியேதான் செய்வேன்.

மறுதேர்வு அன்று வாயில் தண்ணீரும் இல்லை, உதட்டைக் கடிக்கவும் இல்லை. முதல் கேள்வியை ரத்தச் சீட்டைப் படிப்பதுபோலத் தெளிவாகப் படித்தேன். பாதி படிக்கும் முன்பே திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்தது. பேச்சுக் குரல் கேட்கிறது, அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள், இது முதல் எச்சரிக்கை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அதையும் சத்தமாகப் படித்தேன்.