காண ரசத்துக்கு நான் எழுதிய விளக்கம்

குற்றாலத்துக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என்பதைச் சாரலுக்கு வருகிறவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் ஆனி ஆடியில் வருவார்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பார்கள், இரண்டு நாள் அகோரப் பசியோடு சாப்பிடுவார்கள், ஊரை முழுக்கப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ரயிலேறுவார்கள். மார்கழியில் வந்து பார்க்க வேண்டும். மலையிலிருந்து மூட்டம் இறங்கி வீட்டுக்குள் வந்து உட்காரும். சுவர் வியர்க்கும். தீக்குச்சி பற்றாது. தென்காசிக்காரர்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காததால் மிகுந்த ஒற்றுமையோடு வாழும் மாதம் அது.

அந்த மாதத்தில் என்னை இதுவரை கைவிடாத பண்டங்கள் மூன்று: காண ரசம், உளுந்தஞ்சோறு, சுக்குக் காப்பி. காணம் என்பதை மற்ற ஜில்லாக்காரர்கள் கொள்ளு என்பார்கள். சர்க்கார் உத்தரவுகளோடு முப்பது வருஷம் புழங்கியவன் நான். எந்த உத்தரவும் அடுத்த உத்தரவு வரும்வரைதான் நிற்கும். இந்த மூன்றும் அப்படி மாறியதில்லை. மாற்றுவதற்கு ஒரே ஒரு முறை முயற்சி நடந்தது. அந்தக் கோப்பை எழுதியவன் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் தென்காசியில் தாலுகா ஆபீசின் கடைசிக் குமாஸ்தா. குற்றாலத்தில் முகாம் வரும் அதிகாரிகள் தங்க ஒரு சர்க்கார் பங்களா இருந்தது. அதன் சமையல்காரர் இலத்தூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். பங்களாவின் பின்கட்டில் ஒற்றை அறையில் மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் குடியிருந்தார். வேலை போனால் அறையும் போகும். சாரல் காலத்தில் அவர் கோழி, ஆடு, புட்டிங் எல்லாம் செய்வார். மார்கழியில் மட்டும், வருகிறவர் யாராக இருந்தாலும், அந்த மூன்று பண்டங்கள்தான்.

ஒரு மார்கழியில், சென்னைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த புது அதிகாரி பங்களாவுக்கு வந்தார். வெள்ளைக்காரர் அல்ல, நம்மவர்தான். ஆனால் மூடுபனியிலும் கழுத்து டையைத் தளர்த்தாதவர். தொண்டை லேசாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. சமையல்காரர் ஒரு தம்ளர் காண ரசம் கொடுத்தார். அதிகாரி இரண்டாவது தம்ளர் கேட்டார். மூன்றாவதையும் குடித்து முடித்த பிறகு, இது என்ன என்று கேட்டார்.

“காணம் சாமி. குதிரைக்குப் போடுவோம்லா, அதேதான்.”

மறுநாள் காலை அதிகாரி கிளம்புமுன் பங்களாவின் அபிப்பிராயப் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதினார். இங்கே அதிகாரிகளுக்குக் குதிரைத் தீனி பரிமாறப்படுகிறது. மூன்று பண்டங்களுக்கு மேல் அறியாத ஒருவரை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு விளக்கம் தேவை.

அபிப்பிராயத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. அதன் நகல் தாசில்தாருக்குப் போகும். தாசில்தார் அதைத் தலைமைக் குமாஸ்தாவுக்குத் தள்ளுவார். அவர் என்னிடம் தள்ளினார். எனக்குக் கீழே யாரும் இல்லாததால் அது அங்கேயே நின்றது. விளக்கம் சொல்ல வேண்டியவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால், மூன்று மைல் சைக்கிள் மிதித்துப் போய் வாசித்துக் காட்டினேன்.

“என்னவே எழுதி வச்சிருக்காரு?” என்றார் சமையல்காரர்.

“குதிரைத் தீனி போட்டீராம், அண்ணாச்சி.”

“மூணு தம்ளர் குடிச்சாரே, அத எழுதலையா?”

“அத எழுதுததுக்கு அந்தப் புஸ்தகத்துல எடம் கெடையாது.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “ஒங்க வாய்க்கு இது வேணும். வெறும் ரசம்னு சொல்லிட்டுப் போனா நாக்கு வெந்துருமா? மூணு பொட்டப் புள்ளையள இழுத்துக்கிட்டு எங்கன போவ?”

சமையல்காரர் எனக்கு ஒரு தம்ளர் சுக்குக் காப்பி கொடுத்தார்.

தாசில்தார் அனுபவஸ்தர். “விளக்கம் எழுதினால் அதற்கு ஒரு விளக்கம் கேட்பார்கள். மார்கழிச் சாப்பாட்டுக்குப் பட்டியல் அனுப்பும். பன்னிரண்டு அயிட்டம், செய்முறையோடு” என்றார். ஏன் பன்னிரண்டு என்று நான் கேட்கவில்லை. ஃபாரத்தில் பன்னிரண்டு வரி இருந்தது.

மறுபடி சைக்கிள். அடுப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். காணத்தை வாசம் வரும்வரை வறுத்து, ராத்திரி ஊறவைத்து, குழைய வேகவிட்டு, தண்ணீரை இறுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் புளி. மிளகு, சீரகம், தோலோடு பூண்டு மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் கெட்டது. நல்லெண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி உடனே மூட வேண்டும். வெந்த காணத்தைத் தேங்காய், மிளகாய் வைத்து அரைத்தால் துவையல்.

உளுந்தஞ்சோற்றுக்குத் தொலி நீக்காத உடைத்த உளுந்து. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, வறுத்தது. கொஞ்சம் வெந்தயம், ஒரு கை பூண்டு, அரைமூடித் தேங்காய்த் துருவல், எல்லாம் ஒரே பானையில். எள்ளுத் துவையல் இல்லாமல் அதைப் பரிமாறுவது குற்றம். சுக்குக் காப்பியில் காப்பி கிடையாது. தட்டிய சுக்கு, மல்லி, நாலு மிளகு, கருப்பட்டி, அவ்வளவுதான்.

“எத்தன கிராம்பு, எத்தன ஏலம்னு கேக்காதீரும்” என்றார் அவர். “அதெல்லாம் போட்டா அது கலியாண வீடு. தடுமம் புடிச்சு மூக்கொழுகுதவனுக்கு எதுக்கு கலியாணம்?”

கோழியும் புட்டிங்கும் சாரலுக்குத்தான், மார்கழிப் பட்டியலில் வராது என்றும் சொல்லிவிட்டார். ஆக மூன்று பண்டம் கையில் இருந்தது. ஃபாரத்தில் ஒன்பது வரி பாக்கி. அன்று மாலை என் திறமை முழுவதையும் செலவழித்தேன். ஒன்று, நான்கு, ஏழு, பத்து நான்கும் காண ரசம். ஆனால் இங்கிலீஷில் அவை முறையே தெளிந்த சூப், மலைநாட்டு சூப், மிளகு சூப், பருப்பு சூப். செய்முறையையும் நான்கு விதமாகச் சொல் மாற்றி எழுதினேன். குதிரை என்ற சொல் எங்கும் வரவில்லை. இரண்டு, ஐந்து, எட்டு, பதினொன்று உளுந்தஞ்சோற்றின் அவதாரங்கள். மீதி நான்கும் சுக்குக் காப்பி. அதில் ஒன்றுக்கு, துரைமார் தெம்புக்குக் குடிக்கும் பானம்போல, ‘கார்டியல்’ என்று பெயர். மூன்று மூன்றாக அடுக்கியதற்குக் காரணம் உண்டு. அதிகாரி எந்த இலக்கம் சொன்னாலும் சமையல்காரர் மூன்று விரலை மாற்றி மாற்றி எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம்.

“ஏழு?” என்று கேட்டு நான் பரீட்சை வைத்தேன். விரல் விட்டு எண்ணினார். “ரசம்.”

“பதினொண்ணு?”

“சோறு. ஏம்வே, இதுக்கு ரசம், சோறு, காப்பின்னே எழுதித் தொலைக்கலாம்லா?”

பட்டியல் மேலே போய், அங்கீகாரமாகி, டைப் அடிக்கப்பட்டுத் திரும்பி வர அடுத்த மார்கழி ஆயிற்று. அதுவரை அவர் வேலை பரிசீலனையில் இருந்தது. அவர் மனைவி மூத்த பெண்ணை அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று தெரிந்த பிறகு சேர்க்கலாம் என்றார். பட்டியலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டினோம்.

மாட்டிய வாரமே அதே அதிகாரி வந்தார். வாசுதேவநல்லூர் பக்கம் முகாம் போய், மழையில் நனைந்து, மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டு வந்திருந்தார். முகாம் குமாஸ்தா நான். பட்டியலைப் படித்துவிட்டு, “சூப்பில் நான்கு வகையா! வேளைக்கு ஒன்றாகப் பார்த்துவிடுகிறேன்” என்றார்.

அடுப்படிக்கு ஓடினேன். “அண்ணாச்சி, நாலு வேளையும் ரசம். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் மாத்திப் போடும். ஒண்ணுல கறிவேப்பில வேண்டாம். ஒண்ணுல தக்காளி…”

“காயிதத்துல நீரு பொய் சொல்லியாச்சி. ரசத்துலயும் சொல்லணுமோ? போம்வே.”

மத்தியானம் ஒன்றாம் இலக்கம். இரவு நான்காவது. மறுநாள் காலை ஏழாவது. மூக்கு அடைத்திருந்ததால் அதிகாரிக்கு மூன்றும் மூன்று ருசியாக இருந்தன. மலைநாட்டு சூப் கொஞ்சம் உசத்தி என்றுகூடச் சொன்னார். நான் எதிர்பாராதது ஒன்று: ரசம் வேலை செய்தது. அன்று மத்தியானமே பத்தாம் இலக்கம் வந்தபோது அவருக்கு மூக்கு திறந்துவிட்டது. தம்ளரை முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். சமையல்காரரைக் கூப்பிடச் சொன்னார்.

“இந்த நான்கும் என்ன?”

“ஒண்ணுதான் சாமி.”

“இது போன வருஷம் கொடுத்ததா?”

“ஆமா சாமி.”

“குதிரைக்குப் போடுவதா?”

கதவுக்குப் பின்னால் சமையல்காரர் மனைவியின் வளையல் சத்தம் நின்றது. சமையல்காரருக்கு மட்டும் தெரியும்படி வெறும் ரசம் என்று சொல்லச் சொல்லி என் உதடுகளை அசைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஆமா சாமி. ஆனா குதிரைக்குத் தாளிக்க மாட்டோம்.”

அதிகாரி கடைசிச் சொட்டுவரை குடித்தார். தம்ளரை நீட்டினார். அவர் டை முதல் முறையாகத் தளர்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

புறப்படும்போது அபிப்பிராயப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினார். சமையல்காரர் தொடரலாம். ஒன்று, நான்கு, ஏழு, பத்து ஆகிய இலக்கங்களின் வேறுபாட்டுக்குக் குமாஸ்தா விளக்கம் தரவேண்டும்.

நான் தந்தேன். ஒன்றாம் இலக்கம் சளி பிடிக்குமுன் பரிமாறத் தக்கது, நான்காவது பிடித்த பின், ஏழாவது காய்ச்சலில், பத்தாவது குணமானதும். வேறுபாடு பண்டத்தில் இல்லை, சாப்பிடுகிறவரிடத்தில் என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய விளக்கங்களில் உண்மைக்கு மிக அருகே போனது அதுதான். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அதிகாரி புறப்பட்ட அன்றே முதல் வரியைச் சமையல்காரருக்கு வாசித்துக் காட்டப் போனேன். அவர் மனைவி மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடி வாசித்தேன். தை பிறந்ததும் மூத்த பெண்ணை எங்கே சேர்ப்பது என்று அப்போதே பேசத் தொடங்கிவிட்டார். சமையல்காரர் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ரெண்டாவது வரி என்னவே?”

“அது எனக்கு, அண்ணாச்சி.”

“அப்ப உக்காரும். ஒமக்கு எத்தனாம் நம்பரு?”