றக்வானையில் ‘தபால்காரி’யைத் தேடிச் சென்றேன்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எஞ்சியதை எவர் துணையுமின்றிக் கற்றவள் நான். தேயிலைத் தோட்டத்துச் சிறுமியொருத்தியின் முதற்காதலைச் சொல்லும் ஒரு திரைப்படத்தைப் பற்றி இவ்வலைப்பதிவில் இருமுறை எழுதியுள்ளேன். தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளான நம் லயங்களை இரக்கத்துக்குரிய காட்சியாக்காமல், ஆசைகள் வாழும் வீடுகளாகக் காட்டிய படம் அது. படம்பிடித்த இடத்தைக் காணும் ஆவலில் 2008 நவம்பரில் புறப்பட்டேன்.

இரத்தினபுரியில் காலை ஆறரைக்குப் பேருந்து. பெல்மதுளை வழியாக றக்வானைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து தோட்டத்துக்கு முச்சக்கர வண்டி, முந்நூறு ரூபாய்.

“நீங்களும் தபால்காரிய பார்க்கத்தானே? போன கிழம ரெண்டு வேன் நெறைய வந்தாங்க” என்றார் ஓட்டுநர்.

நாயகியின் காதற்கடிதங்களைச் சுமக்கும் தோழிக்குப் படத்தில் அப்பெயர். நடித்தவள் அத்தோட்டத்து மாணவி கௌரி. அவளைப் பார்க்க வீட்டுக்குச் சென்றபோது, தாய் வாசலை மறித்து நின்றார்.

“போட்டோவுக்கா வந்தீங்க? அவ இஸ்கூலுக்குப் போயே பத்து நாளாச்சு. பஸ்ல ஏறுனா தபால்காரி, எறங்குனா தபால்காரின்னு கேலி. பரீட்சை வருது, அசைய மாட்டேங்குறா.”

நடிப்பு வேறு, நடத்தை வேறு. கலையில் இழிவில்லை என நான் நெடுநேரம் விளக்கினேன். கௌரி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்லா பேசுறீங்கக்கா. பின்னேரம் வகுப்பு இருக்கு. டவுனுக்குத் திரும்புறப்ப இவளையும் கூட்டிட்டுப் போறீங்களா? நீங்க பக்கத்துல இருந்தா எவனும் வாயத் தொறக்க மாட்டான்” என்றார் தாய்.

கௌரி வெள்ளைச் சீருடையில் வந்தாள். பேருந்தில் என் தோளோடு ஒட்டி அமர்ந்தாள். நடத்துநர் எங்களருகே வந்து பயணச்சீட்டுக் கட்டைத் தட்டினான்.

“ஆ, தபால்காரி! எனக்குக் கடுதாசி வந்துச்சா, இல்ல மழையில கரைஞ்சி போச்சா?”

படத்தில் கடைக்காரர் பேசும் வசனம் அது. திரையரங்கே அதிர்ந்த இடம். மூன்று முறை பார்த்தவள் நான். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கௌரி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அடுத்த தரிப்பில் இறங்கி, வந்த வழியே மலையேறத் தொடங்கினாள். நானும் இறங்கிப் பின்னால் ஓடினேன்.

“வேணாங்கக்கா. எனக்கு வழி தெரியும்.”

படத்தைப் பாருங்கள், அது இன்னும் நல்ல படமே. ஆனால் அத்தோட்டத்துக்குப் போகாதீர்கள். அதன் பெயரை என் பழைய பதிவுகளிலிருந்தும் நீக்கிவிட்டேன். கௌரி பரீட்சை எழுதினாளா என்று சிலர் கேட்கக்கூடும். அறியேன். விசாரிக்கும் தகுதியை அந்தப் பேருந்திலேயே இழந்துவிட்டேன்.